எண்ணெய் இல்லை என்றார் அலன்

அலனின் படகு முதல்தடவை கடலில் நின்றபோது சுலக்ஷனாவுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. பாசிக்குடாவில் அது வழமையாக நடக்கிற காரியம். விடுமுறைக்கு வருகிறவர்கள் படகை எடுத்துக்கொண்டு முருகைக்கல் என்கிற பவளப்பாறை வரைக்கும் போவார்கள். அங்கே மீன் பார்த்த குஷியில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கல்லைத் தாண்டுவார்கள். பிறகு இஞ்சின் ஒரு தரம் இருமிவிட்டு ஓய்ந்துவிடும். பெற்றோல் முடிந்திருக்கும். அதற்குப் பிறகுதான் அவர்கள் காற்றைக் கவனிப்பார்கள். கச்சான் அடிக்கிற மாதங்களில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். கடல் தட்டையாகத்தான் கிடக்கும், பயமுறுத்தாது. ஆனால் இஞ்சின் நின்ற படகை அது சத்தமில்லாமல் கிழக்கே தள்ளிக்கொண்டு போய்விடும்.

அப்படிப் போகிறவர்களை இழுத்து வருவதற்காகவே மீனவர்களும் விடுதிக்காரர்களும் சேர்ந்து ஓர் உயிர்காப்புச் சங்கம் வைத்திருந்தார்கள். சங்கத்துக்கு ஒரு செம்மஞ்சள் நிறப் படகு, கரையில் தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய ஒரு கொட்டில், ஒரு கைத்தொலைபேசி. படகை ஓட்டுவது யோகராசா. முப்பது வருசம் வலை இழுத்த மனிதர். கூடப் போவது சுலக்ஷனா. ஒரு விடுதியின் நீச்சல் தடாகத்தில் காவலுக்கு நின்றவள், தடாகத்தில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது அலுத்துப்போய்க் கடலுக்கு வந்துவிட்டாள். தொடக்கத்தில் பொம்பிளைப் பிள்ளைக்கு இதென்ன வேலை என்று முணுமுணுத்த யோகராசா, அவள் ஒருநாள் சுழியில் மாட்டிய இரண்டு பேரைத் தனியாகப் போய் இழுத்து வந்த பிறகு அந்தக் கதையை விட்டுவிட்டார்.

அன்றைக்கு மத்தியானம் கழிந்து அழைப்பு வந்தது. கல்லின் ஓரமாக ஒரு வெள்ளைப் படகு. கொட்டிலில் இருந்தே தெரிந்தது. கிட்டப் போனபோது, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார். மட்டக்களப்பு டவுனில் இருந்து வந்திருக்கிறார், பெயர் அலன், படகு சொந்தப் படகு, வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கயிறு கட்டி முடிப்பதற்குள் இவ்வளவையும் சொல்லிவிட்டார். நடுப்பலகையில் ஒரு பெண் இருந்தார். பலகையின் இரண்டு விளிம்பையும் இறுக்கிப் பிடித்தபடி இருந்தார்.

"என்ர மிஸிஸ். மார்கிறட்" என்றார் அலன். "கடலெண்டா அவவுக்குப் பயம். பழக்கிறதுக்குத்தான் கூட்டிக்கொண்டு வாறன்."

படகின் மூலையில் இரண்டு உயிர்காப்பு அங்கிகள் கடையிலிருந்து வந்த பொலித்தீன் உறை பிரிக்காமலே கிடந்தன.

"அதப் போட்டிரிக்கலாமே அக்கா" என்றாள் சுலக்ஷனா.

மார்கிறட் பதில் சொல்லமுதல் அலன் சிரித்தார். "இந்த வெக்கையில அதப் போட்டா அவிஞ்சு போவா."

யோகராசா எண்ணெய் டாங்கியைத் தூக்கிப் பார்த்தார். சிவப்பு பிளாஸ்டிக் டாங்கி, ஒற்றை விரலில் தொங்கியது. "இவ்வளவோடயா கல்லத் தாண்ட வெளிக்கிட்டீங்க?"

"நிறைய அடிச்சுத்தான் அண்ணன் வெச்சனான். நேத்துப் பின்னேரம், என்ர கையால."

"அப்ப எங்க போன?"

"அதத்தான் நானும் கேக்கிறன். கரையில என்ர போட்டப் பாக்கிறது அந்த றிஸ்லான்தானே."

இழுத்து வரும்போது மார்கிறட் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கொட்டிலைக் காட்டி, "அங்க இரிந்து பாத்தா இந்த இடம் தெரியுமா?" என்றார்.

"தெரியும் அக்கா. அதுக்குத்தானே உசத்திக் கட்டியிரிக்கு."

அவர் தலையை ஆட்டினார். கரை வரும்வரை கொட்டிலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கரையில் அலன் பேசினார். பலர் பார்த்திருக்க றிஸ்லானைக் கூப்பிட்டு, களவெடுக்கிறவன் என்று சத்தம் போட்டார். றிஸ்லான் பக்கத்து ஊர் ஓட்டமாவடிக்காரன். உல்லாசப் படகுகளைக் கழுவி, இரவில் காவல் பார்த்து, காலையில் தண்ணீரில் இறக்கிக் கொடுப்பது அவன் தொழில். அவன் கையை விரித்துக்கொண்டு நின்றான். அலன் போன பிறகு மற்றப் படகுக்காரர்களும் தங்கள் டாங்கிகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். அந்தக் கிழமை முடிவதற்குள் ஒருவர் பின் ஒருவராகப் படகுகளை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

அவன் கொட்டிலுக்கு வந்தான். ஏறாமல் படியடியில் நின்றே கேட்டான்.

"அல்லாஹ் அறிய ஒரு சொட்டும் நான் எடுக்கல்ல. நீங்க நாள் முழுக்க இஞ்சதானே இரிக்கிறீங்க. நான் எடுத்தத நீங்க கண்டீங்களா?"

"நான் ஒண்டும் காணல்ல" என்றாள் சுலக்ஷனா.

"அதயே போட்டுக்காரருக்கிட்டச் சொல்லுங்களன்."

அவள் உடனே ஓம் என்று சொல்லவில்லை. அவன் மோட்டார் சைக்கிளுக்கு இவ்வளவு ஓட்டம் ஓட எண்ணெய் எங்கே கிடைக்கிறது என்று அதற்கு முந்தின நாள்தான் அவள் யோசித்திருந்தாள். அந்த யோசனை முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். றிஸ்லான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் அந்த எண்ணந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

யோகராசாவுக்கு வேறு கணக்கு இருந்தது. "அவன் எடுத்தானோ இல்லையோ, எனக்கு அந்த அலனிலதான் சந்தேகம். டவுனில தொழில் பாக்கிற மனிசன். கடல் எந்தப் பக்கம் எண்டு தெரியாது. திடீரெண்டு என்னத்துக்குப் போட்?"

"உல்லாசத்துக்குத்தான் அண்ணன்."

"உல்லாசத்துக்குப் போற மூஞ்சியா புள்ள அது? வெளிய பெரிய போட்டுக்காரர் எண்ணெயில்லாம நிப்பாங்க. கொண்டு போய்க் குடுத்திட்டு, முடிஞ்சு போச்செண்டு நம்மளக் கூப்பிடலாம். வரேக்க கள்ளச் சாமான் ஏத்திக்கொண்டும் வரலாம். நம்ம இழுத்து வாற போட்ட நேவி மறிக்குமா? மறிக்காது."

சுலக்ஷனாவுக்கு அது அளவுக்கு மீறின கதையாகத் தெரிந்தது. ஆனால் அதே படகு மறுபடி நின்றபோது, அதே கல்லின் ஓரத்தில் நின்றபோது, அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியவில்லை.

இந்தமுறை அலன் கை ஆட்டவில்லை. இஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்தபடி, இவர்கள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"டாங்கிய வீட்டயிரிந்து வேனில கொண்டு வந்தனான்" என்றார். "ஆரும் தொடல்ல. எப்பிடி முடியும்? சொல்லுங்க பாப்பம், எப்பிடி முடியும்?"

யோகராசா சுலக்ஷனாவைப் பார்த்தார். பார்த்தியா என்கிற பார்வை. அவள் அந்தப் பொலித்தீன் உறைகளைத் தேடினாள். இல்லை.

"அங்கி ரெண்டும் எங்க சேர்?"

"வெயிலில கிடந்து பழுதாகுதெண்டு வீட்ட வெச்சிட்டன்."

கச்சான் உரமாக வீசிக்கொண்டிருந்ததால் ஆட்களைச் செம்மஞ்சள் படகில் ஏற்றிக்கொண்டு, வெறும் படகை இழுத்துப் போவதுதான் நல்லது என்றார் யோகராசா. சுலக்ஷனா கையை நீட்டினாள். மார்கிறட் அந்தக் கையைப் பிடித்துக் காலைத் தூக்கி வைத்து இந்தப் பக்கம் வந்தார். பிடித்த கை வழுக்கியது. மணத்தது. பெற்றோல் மணம். சால்வையின் ஒரு தலைப்பும் நனைந்து காய்ந்த மாதிரி நிறம் மாறியிருந்தது.

சுலக்ஷனா நிமிர்ந்தாள். மார்கிறட் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றும் நடவாததுபோலக் குனிந்து, அந்தக் கையைக் கடலில் விட்டு அளைந்து கழுவினார். அலன் மறுபக்கம் திரும்பி, விட்டுவிட்டு வந்த படகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் பொலிஸ்காரர் ஒருவர் கொட்டிலுக்கு வந்தார். ஒரே படகு ஒரே இடத்தில் திரும்பவும் நின்றது அவர்கள் காதுக்கும் போயிருந்தது. யோகராசா தன்னுடைய கதையை விரிவாகச் சொன்னார். வந்தவர் சுலக்ஷனாவைக் கேட்டார், வித்தியாசமாக ஏதும் கண்டீர்களா என்று.

"ஒண்டுமில்ல சேர்" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தன்னைத்தானே கேட்டாள். மணத்தைச் சொல்லியிருந்தால் றிஸ்லானின் பெயராவது கொஞ்சம் கழுவுப்பட்டிருக்கும். சொல்லாமல் விட்டதற்குக் காரணம், அந்த அக்காவின் பார்வை. பிடிபட்ட கள்ளனின் பார்வையாக அது இருக்கவில்லை. வாயைத் திறந்துவிடாதே என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது. கெஞ்சுகிறவர்கள் எல்லாரும் நல்லவர்களா என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். பொறுக்க முடியவில்லை. மார்கிறட்டுக்குக் கல்குடாப் பக்கம் தகப்பன் விட்டுப்போன ஒரு தென்னந்தோட்டம் இருப்பதாகவும், தேங்காய் பறிக்கிற நாட்களில் தனியாக வருவார் என்றும் விசாரித்து அறிந்தாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். தோட்டத்தின் முடிவில் கடல் தெரிந்தது. இரண்டு பக்கக் காணிகளிலும் விடுதிகள் எழும்பிவிட்டன. நடுவில் இது மட்டும் தென்னையாகவே நின்றது. மார்கிறட் குவித்த தேங்காய்களுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். இவளைக் கண்டதும் எழும்பினார். முதலில் தோட்டத்து வாசலைத்தான் பார்த்தார், பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று.

"தனியத்தான் வந்தனான் அக்கா."

"இளநி வெட்டச் சொல்லட்டா?"

"வேணாம். ஒண்டு கேக்கத்தான் வந்த. எண்ணெய வெளிய ஊத்தினது நீங்கதானே?"

மார்கிறட் வாசலை மறுபடி பார்த்தார். தேங்காய் பறித்துக்கொண்டிருந்த மனிதனுக்கு அந்தப் பக்கத்து மரத்துக்குப் போகச் சொல்லிக் கை காட்டினார். அவன் தூரப் போன பிறகு கேட்டார்.

"கூப்பிட்டா நீங்க எவ்வளவு கெதியா வருவீங்க?"

"என்ன?"

"கல்லுக்குக் கிட்ட எண்டாக் கெதியா வாறீங்க. ரெண்டுதரமும் பாத்தன். கல்லுக்கு நல்லா அங்கால எண்டா?"

சுலக்ஷனா ஓரடி பின்வாங்கினாள். இந்தப் பெண் எதற்கோ கணக்குப் பார்க்கிறார். மனுசனைக் கடலில் தனியாக விட்டுவிட நினைக்கிறாரா? கடலில் எண்ணெயில்லாமல் நிற்கிற படகில் என்ன நடந்தாலும் யாருக்குத் தெரியும்? கரையில் அப்பாவி ஒருவனின் தொழிலே போய்விட்டது, இவருக்கு அது ஒரு பொருட்டாகக்கூட இல்லை.

"அங்கால எண்டாக் காத்துக் கொண்டு போயிரும்" என்றாள், கொஞ்சம் கடுமையாக. "எங்கட கண்ணுக்கும் தெரியாது. அதென்னத்துக்கு உங்களுக்கு? றிஸ்லான் எண்டு ஒரு ஆள் உங்களால வேலயில்லாம இரிக்கிறான், தெரியுமா?"

மார்கிறட்டின் முகம் சுருங்கியது. "தெரியும். அத நினைச்சு எனக்கு நித்திரயில்ல."

"அப்ப?"

"இந்தக் காணிக்கு விடுதிக்காரர் வந்து கேட்டவங்க. நான் கையெழுத்து வெக்கமாட்டன் எண்டிட்டன். அதுக்குப் பிறகு வீட்டில ஒரு சண்டை. பெரிய சண்டை. மறுகா சத்தமே இல்ல. அவர் நல்லாக் கதைக்கத் தொடங்கினார். இருவத்திரெண்டு வரிசத்தில எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தராத மனிசன் தேத்தண்ணி போட்டுத் தந்தார். அதுக்குப் பிறகுதான் போட் வாங்கின." மார்கிறட் நிறுத்தினார். "எனக்கு நீந்தத் தெரியாதெண்டு அவருக்குத் தெரியும். எண்டாலும் ஒருநாள் சாப்பிட இரிக்கேக்க கேட்டார், சின்னனில பழகல்லயா, கொஞ்சங்கூடத் தெரியாதா எண்டு."

கச்சான் தென்னோலைகளைப் பிடித்து ஆட்டியது. சுலக்ஷனா கிட்ட வந்தாள்.

"போகாம விட்டா என்ன அக்கா? வரமாட்டன் எண்டு சொல்லுங்க."

"சொன்னா என்ன நடக்குமெண்டு உங்களுக்குத் தெரியாது புள்ள. கடலில எண்டா நாலு பேர் பாப்பாங்க. அவர் போட்டத் தள்ள ஆள் தேடுற நேரம் எண்ணெயக் குறைச்சு விட்டாத் தூரம் போகேலாது, முடிஞ்ச இடத்துக்கு நீங்க வருவீங்க. வீட்டுக்குள்ள ஆர் வருவாங்க?"

"பொலிசில சொல்லலாமே."

"என்னெண்டு சொல்லுற? புரிசன் தேத்தண்ணி போட்டுத் தாறார் எண்டா? ஒண்டும் நடக்கல்லயே இன்னும். எல்லாம் என்ர நினைப்பாவும் இரிக்கலாம்."

வரும் வழியில் சுலக்ஷனாவால் எந்தப் பக்கமும் சாய முடியவில்லை. ஒரு தெருவில் மார்கிறட்டை நம்பினாள். அடுத்த தெருவில், காணியைக் காப்பாற்ற மனுசனுக்குப் பழி கட்டுகிற கெட்டிக்காரியாக அவர் தெரிந்தார். யோகராசாவிடம் சொன்னாள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "புரிசன் பொஞ்சாதிக்குள்ள நாம தலையக் குடுத்தா நமக்குத்தான் அடி" என்றார். ஆனால் அதற்குப் பிறகு வெள்ளைப் படகு கட்டியிருக்கும் பக்கத்தை அவரும் அடிக்கடி பார்க்கத் தொடங்கினார்.

அடுத்த ஞாயிறு காலை அலனும் மார்கிறட்டும் வந்தார்கள். கோயிலுக்குப் போகிற நேரம், கரையில் ஆட்கள் குறைவு. அலன் எண்ணெய் டாங்கியைத் தானே சுமந்து வந்தார். மணலில் வைக்கவில்லை. படகைத் தள்ள ஆள் தேடும்போதும் அதை ஒரு கையில் பிடித்தபடியே நின்றார். பாரத்தால் அவருடைய தோள் ஒரு பக்கம் சரிந்திருந்தது. மார்கிறட் படகில் ஏறமுதல் திரும்பி, கொட்டிலை நிமிர்ந்து பார்த்தார். கை அசைக்கவில்லை. பார்த்துவிட்டு ஏறினார்.

"அண்ணன், நாமளும் போவம்" என்றாள் சுலக்ஷனா.

"எங்க?"

"அவங்களுக்குப் பின்னால."

"உனக்கென்ன விசரா? எண்ணெய் முடியமுதல் போய் இழுத்து வாறதா? ஆராவது கேட்டா என்ன சொல்லுற?"

"இஞ்சின் பாக்கப் போனம் எண்டு சொல்லுவம். கல்லு மட்டும் போய்த் திரும்புவம் அண்ணன். ஒண்டும் இல்லாட்டி நான் இனி இந்தக் கதையே எடுக்கமாட்டன்."

யோகராசா கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு இஞ்சின் திறப்பை எடுத்தார்.

அவர்கள் கல்லை அடைந்தபோது வெள்ளைப் படகு தூரத்தில் ஒரு புள்ளியாகிவிட்டிருந்தது. நிற்கவில்லை. கிழக்கே போய்க்கொண்டேயிருந்தது. மீன் பார்க்கிறவர்களும் டொல்பின் பார்க்கிறவர்களும் போகாத திசை அது. யோகராசா இஞ்சினைக் குறைத்து அலையில் மிதக்கவிட்டார். சுலக்ஷனா படகின் முன்முனை அணியத்தில் ஏறி நின்று, கையால் கண்ணை மறைத்துப் பார்த்தாள். புள்ளி நின்றமாதிரி இருந்தது. பிறகு அசைந்தமாதிரி இருந்தது. பிறகு கண் கூசி ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கு அந்தக் காத்திருப்பு பெரிய காத்திருப்பாக இருந்தது. திரும்பிப் போவோமா என்று யோகராசா வாயெடுத்த நேரம் தொலைபேசி அடித்தது.

அலன். எண்ணெய் முடிந்துவிட்டது. மனைவி தவறி விழுந்துவிட்டா. ஓடி வாருங்கள்.

யோகராசா இஞ்சினை முழு வேகத்துக்கு முறுக்கினார். செம்மஞ்சள் படகு அணியத்தைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. போய்ச் சேர்ந்தபோது அலன் நடுப்பலகையில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். இவர்களைக் கண்டதும் எழுந்து கத்தினார்.

"அங்கால! அங்கால போய்ப் பாருங்க! நான் குதிச்சுத் தேடினன், கிடைக்கல்ல. எண்ணெய் இரிந்தாத் திருப்பிக்கொண்டு போயிரிப்பன். எண்ணெய் இல்ல!"

கையைக் கிழக்கே, கரையில்லாத பக்கம் காட்டினார்.

சுலக்ஷனா கயிற்றோடு அவருடைய படகுக்குத் தாவினாள். குதித்துத் தேடியவரின் சேட் காய்ந்திருந்தது. தலைமயிர் சீவியபடியே இருந்தது. அவள் கயிறு கட்டுவதுபோலக் குனிந்து, காலால் சிவப்பு டாங்கியைத் தள்ளினாள். அது அசையவில்லை. இன்னும் ஒருமுறை தள்ளினாள். உள்ளே எண்ணெய் குலுங்கிற்று.

அவள் நிமிர்ந்தபோது அலன் அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலின் நடுவில், ஒரு படகில், அந்த மனிதனோடு நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, பின்பக்கமாகவே நகர்ந்து செம்மஞ்சள் படகில் கால் வைத்தாள்.

"நீங்க இரிங்க சேர்" என்றாள். "எண்ணெய் இல்லத்தானே. நாங்க அக்காவப் பாத்திட்டு வந்து உங்கள இழுக்கிறம்."

யோகராசா கிழக்கே திருப்பப் போனார். அவள் அவருடைய தோளைப் பிடித்தாள். "அண்ணன், டாங்கி நிறைய இரிக்கு. அவர் காட்டின பக்கம் போகவேணாம். கரைப் பக்கமாப் போங்க."

யோகராசாவுக்கு இரண்டாவது விளக்கம் தேவைப்படவில்லை. காற்று வெறும் படகைத் தள்ளுகிற வேகத்தில் தண்ணீருக்குள் கிடக்கிற ஆளைத் தள்ளாது. விழுந்தவர் மேற்கேதான் பின்தங்கியிருப்பார். யோகராசா படகைத் திருப்பி, வந்த நேருக்குக் கொஞ்சம் விலத்தி, பக்கவாட்டில் வளைத்து வளைத்து ஓட்டினார். சுலக்ஷனா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அக்கா என்றாள். மார்கிறட் அக்கா என்றாள். வெயிலில் மினுங்குகிற தண்ணீர் எல்லாம் தலையாகத் தெரிந்தது, கிட்டப் போனால் தண்ணீராகவே இருந்தது. தோட்டத்தில் நின்று தான் கடுமையாகப் பேசியது ஞாபகம் வந்து, இன்னும் உரக்கக் கூப்பிட்டாள்.

வலைக்காரர்கள் அடையாளத்துக்குக் கட்டி மிதக்கவிட்ட வெற்றுக் கான் ஒன்றைத்தான் முதலில் கண்டார்கள். நீல நிற பிளாஸ்டிக் கான். அது ஒரு பக்கமாகச் சரிந்து, பாதி அமிழ்ந்து மிதந்தது. அப்படி அமிழ்ந்திருக்கக் காரணமில்லை. யோகராசா இஞ்சினை நிறுத்தினார். கானுக்கு அந்தப் பக்கம் ஒரு கை அதன் கயிற்றைச் சுற்றியிருந்தது.

சுலக்ஷனா குதித்தாள். மார்கிறட்டின் வாய் நீலமாகிவிட்டது. கயிறு சுற்றிய மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. பிடியை விடச் சொன்னால் விடவில்லை, விரல்களை ஒவ்வொன்றாக விரிக்க வேண்டியிருந்தது. இரண்டு பேருமாகப் படகுக்குள் ஏற்றிக் கிடத்தினார்கள். தண்ணீரைக் கக்கினார். மூச்சு வந்தது. கண்ணைத் திறந்து சுலக்ஷனாவைப் பார்த்தார்.

"அவர் எங்க?"

அதற்குப் பதில் சொல்லமுதல் ஒரு சத்தம் கேட்டது. யோகராசா தலையைத் திருப்பினார். தூரத்தில் வெள்ளைப் படகு நுரை கிளப்பிக்கொண்டு வடக்கே, வாழைச்சேனைத் துறைமுகப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

"எண்ணெய் முடிஞ்ச போட் ஓடுற ஓட்டத்தப் பாரு" என்றார் யோகராசா. பிறகு தொலைபேசியை எடுத்துப் பொலிசுக்கு அடித்தார்.

துறைமுகத்தில் வைத்து அலனைப் பிடித்தார்கள். அவர் கடைசிவரை ஒரே கதைதான் சொன்னார். அவ தானாகவே தவறி விழுந்தா, பதற்றத்தில் எண்ணெய் முடிந்ததாக நினைத்துவிட்டேன், உதவி கூப்பிடத்தான் துறைமுகத்துக்குப் போனேன். மார்கிறட் வைத்தியசாலைக் கட்டிலில் படுத்தபடி வாக்குமூலம் கொடுத்தார். அந்தப் பக்கம் ஆமை நிற்கிறது, எட்டிப் பார் என்று அலன் சொன்னதாகவும், எட்டிப் பார்க்காமல் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்த தன்னைத் தோளில் பிடித்துத் தூக்கித் தள்ளியதாகவும் சொன்னார். தள்ளிய பிறகு படகு கொஞ்ச தூரம் போய் நின்றதாம். அலன் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கைகாலை அடித்துத் தத்தளித்தபோதுதான் அந்தக் கானின் கயிறு கையில் தட்டுப்பட்டதாம். நீதவான் அலனை விளக்கமறியலில் வைத்தார். வழக்கு நடக்கிறது.

ஊர்க்கதை அதோடு ஓயவில்லை. எண்ணெயை வெளியே ஊற்றியது மார்கிறட்தான் என்பது வெளியே வந்ததும் சிலர் கதையைத் திருப்பிப் போட்டார்கள். காணிக்காக மனுசனை உள்ளே தள்ளிவிட்டாள், தானாகக் குதித்திருப்பாள், மிதப்பு இருக்கிற இடம் பார்த்துத்தான் குதித்திருப்பாள். தேத்தண்ணிக் கடையில் இதைக் கேட்ட யோகராசா, நீந்தத் தெரியாத நீ ஒருக்காக் குதிச்சுக் காட்டு பாப்பம் என்று ஒருவனின் சேட்டைப் பிடித்துவிட்டாராம்.

சுலக்ஷனா ஓட்டமாவடிக்குப் போய் றிஸ்லானைக் கண்டாள். அவன் ஒரு அரிசி ஆலையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் நின்று கேட்டான்.

"அப்ப நான் எடுக்கல்ல எண்டு இப்பதான் தெரியுது."

"ஓம். என்னிலயும் பிழை இரிக்கு. அண்டைக்கே சொல்லியிரிக்க வேணும்."

"போட்டுக்காரர் எல்லாரையும் கூப்பிட்டு வெச்சிச் சொல்லுவீங்களா?"

"சொல்லுறன்."

"சொல்லிப்போட்டு வாங்க, மறுகா பாப்பம்" என்று அடுத்த மூட்டைக்குத் தோளைக் கொடுத்தான். அவள் அந்தக் கிழமையே சங்கத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். இரண்டு பேர் படகைத் திரும்பக் கொடுக்கச் சம்மதித்தார்கள். மற்றவர்கள் யோசிப்பம் என்றார்கள்.

மார்கிறட் வெல்லாவெளியில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். சுற்றிவர வயல், கடல் கண்ணுக்கே தெரியாத ஊர். சுலக்ஷனா ஒருநாள் பஸ் பிடித்துப் போனாள். மணிக்கட்டுக் காயம் ஆறித் தழும்பாகியிருந்தது. எருமைத் தயிரும் சீனியும் கொண்டுவந்து வைத்து, சாப்பிடுங்க, சாப்பிடுங்க என்று வற்புறுத்தினார்.

"தோட்டத்த என்ன செய்யப் போறீங்க அக்கா?"

"தேங்கா பறிக்கத்தான். வேறென்ன?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் வேணுமெண்டு செய்ததெண்டு அங்க கதைக்கிறாங்களாமே" என்றார்.

"கதைக்கிறாங்கதான்."

"நீங்களும் அப்பிடி நினைச்சீங்கதானே. தோட்டத்துக்கு வந்த அண்டைக்கு உங்கட முகத்தில பாத்தன்."

சுலக்ஷனாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நினைச்சன். உங்களிலயும் சந்தேகம், அவரிலயும் சந்தேகம். ஆரையும் முழுசா நம்பேலாமத்தான் அண்டைக்குப் பின்னால வந்த."

மார்கிறட் அதைக் கேட்டுக் கோபிக்கவில்லை. தயிர்க் கோப்பையில் இன்னும் ஒரு கரண்டி போட்டார்.

பஸ்ஸுக்கு நேரமானபோது தெருவரைக்கும் கூட வந்தார். வழியில் தெரிந்தவர்கள் நின்று விசாரித்தார்கள், எல்லாருக்கும் ஒரே அளவான பதிலைச் சொன்னார். பஸ் தூரத்தில் தெரிந்ததும் சுலக்ஷனாவின் கையைப் பிடித்தார்.

"வழக்குத் தவணைக்கு அவர்ர ஆக்கள் எல்லாரும் வருவாங்க. எனக்குப் பக்கத்தில ஆரும் இல்ல. நீங்க வந்து இரிப்பீங்களா?"

"வாறன் அக்கா" என்றாள் சுலக்ஷனா. "யோகராசா அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாறன்."